வியாசர்பாடியில் தண்ணீர் நின்றால் யாரைக் கேட்பது? சென்னை மாநகராட்சியில் கேள்வி கேட்கும் குழுக்களின் கதை

(எபிசோட்டின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த வாரம் எடுத்திருக்கிற விஷயம் பேரைக் கேட்டாலே கொட்டாவி வர்ற மாதிரி இருக்கும்: மாநகராட்சிக் குழுக்கள். நிலைக்குழு, மண்டலக் குழு, வார்டு குழு, ஏரியா சபை. ஆனா வடசென்னையில் இருக்கிறவங்களுக்கு இது தினசரிப் பிரச்சினை. எப்படின்னு சொல்றேன்.

வியாசர்பாடியில் நல்ல மழை பெய்தால் கணேசபுரம் சுரங்கப்பாதை மூழ்கும். அந்தப் பக்கம் வண்டி ஓட்டுகிற யாருக்கும் இதைச் சொல்லத் தேவையில்லை. சரி, யாரைக் கேட்பது? மழைநீர் வடிகால் மாநகராட்சியோடது. பக்கத்திலேயே போகிற கழிவுநீர்க் குழாய் மெட்ரோ வாட்டரோடது. தண்ணீர் போய்ச் சேர வேண்டிய பக்கிங்காம் கால்வாய் நீர்வளத் துறையோடது. மேலே ஓடுகிற தண்டவாளம் ரயில்வேயோடது. பம்ப் ஓடணும்னா கரண்ட் மின்வாரியத்தோடது. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தால் அந்தக் கட்டிடம் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தோடது. முன்னாடி அதைத்தான் குடிசை மாற்று வாரியம்னு சொன்னோம்.

இத்தனை பேரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, "போன வருஷமும் இதைத்தான் சொன்னீங்க, அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்க ஓர் இடம் இருக்கிறதா? சட்டத்தில் இருந்தது. அது எப்படிக் கைவிட்டுப் போனது என்பதுதான் இன்றைய கதை.

வரி கட்டுகிறவனின் கேள்வி

சென்னை மாநகராட்சி இந்தியாவிலேயே பழையது. இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் 1687 டிசம்பர் 30-ல் சாசனம் கொடுத்தார். 1688 செப்டம்பர் 29-ல் மாநகராட்சி தொடங்கியது. முதல் மேயர் நத்தானியல் ஹிக்கின்சன். மக்கள் தங்களைத் தாங்களே ஆளட்டும் என்ற பெரிய மனசெல்லாம் இல்லை. கோட்டைக்கும் நகரத்துக்கும் ஆகிற செலவை ஊர்க்காரர்களே வரியாகக் கொடுக்கணும், அதை அவங்களே விதிச்சுக்கிட்டா முணுமுணுப்பு குறையும்னு கிழக்கிந்தியக் கம்பெனி கணக்குப் போட்டது.

அந்தக் கணக்குக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. வரி கட்டுகிறவன் ஒருநாள் கேள்வி கேட்பான். ஆனால் அதற்கு இருநூறு வருஷம் ஆயிற்று. 1867 சட்டம் நகரத்தை எட்டுப் பிரிவாக்கி 32 கமிஷனர்களை வைத்தது. அத்தனை பேரும் அரசு நியமித்தவர்கள். 1878-ல்தான் அதில் பாதிப் பேரை வரி கட்டுவோர் தேர்ந்தெடுக்கலாம் என்று வந்தது.

இங்கே "வரி கட்டுவோர்" என்கிற வார்த்தையைக் கவனிங்க. அதே காலத்தில்தான் பெரம்பூர் பக்கம் பக்கிங்காம் மில்லும் கர்நாடிக் மில்லும் எழுந்தன. அவற்றைச் சுற்றி வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் தொழிலாளர்கள் குடிசை போட்டார்கள். குடிசைக்காரருக்கு ஓட்டு கிடையாது. நகரத்தில் எந்தத் தெருவுக்குக் குழாய், எந்தத் தெருவுக்குச் சாக்கடை என்று முடிவான ஆரம்ப காலத்தில் இந்தப் பக்கத்து ஏழைகளின் குரல் மன்றத்துக்குள்ளேயே இல்லை.

1919 சட்டம் கொடுத்த கருவி

பெரிய மாற்றம் 1919-ல் வந்த சென்னை மாநகராட்சிச் சட்டம். மன்றம், நிலைக்குழு, ஆணையர் என்று மூன்று அதிகார அமைப்புகளை அது பிரித்து வைத்தது. வேலையைச் செய்வது ஆணையர். பணத்துக்கும் கொள்கைக்கும் ஒப்புதல் தருவது மன்றம். நடுவில் கோப்பை எடுத்துப் பார்ப்பது நிலைக்குழு.

கவுன்சிலருக்கும் அந்தச் சட்டத்தில் உரிமை இருந்தது. எங்கே வேலை ஒழுங்காக நடக்கவில்லை, எங்கே நகராட்சிச் சொத்து வீணாகிறது, எந்தப் பகுதிக்கு என்ன தேவை என்று சுட்டிக்காட்டலாம். மன்றத்தில் கேள்வி எழுப்பலாம். இன்றைக்கு உலகம் முழுக்க "ஆய்வுக் குழு" என்று சொல்கிறார்களே, அதன் விதை இதுதான்.

இந்த அமைப்பு நல்லா ஓடினப்போ என்ன நடந்தது என்பதற்கும் உதாரணம் உண்டு. சர் பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920-ல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கினார்கள். மன்றத்தில் பேசி, தீர்மானம் போட்டு, மாநகராட்சிப் பணத்தில் செய்த வேலை. 1939-40-ல் மேயராக இருந்த சத்தியமூர்த்தி பூண்டி நீர்த்தேக்கத்துக்காகப் பாடுபட்டார். தண்ணீர் அப்போது மாநகராட்சியின் பொறுப்பு. மேயரைத் தண்ணீருக்காகக் கேட்க முடிந்தது, மேயரும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இதை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி வரும்.

மஸ்டர் ரோலும் காலி நாற்காலிகளும்

1973. மஸ்டர் ரோல் ஊழல். தினக்கூலி ஆட்களின் பெயர்ப் பட்டியல்தான் மஸ்டர் ரோல். வேலைக்கே வராத, சில சமயம் ஆளே இல்லாத பெயர்களுக்குக் கூலி எடுத்திருக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. மு. கருணாநிதி தலைமையிலான அரசு மன்றத்தைக் கலைத்தது. தனி அதிகாரி வந்தார்.

ஊழல் நடந்தது கணக்கில். அப்படின்னா கணக்கைப் பார்க்கிற கண்ணை இன்னும் கூர்மையாக்கியிருக்கணும். நடந்தது நேர்மாறு. கணக்குப் பார்க்கிற மன்றமே போய்விட்டது. தற்காலிகம் என்று வந்த ஏற்பாடு 1996 வரை நீடித்தது. 23 வருஷம். 1973-ல் பிறந்த குழந்தை ஓட்டுரிமை வாங்கி, கல்யாணமே ஆகியிருக்கும், தன் வார்டுக்கு ஒரு கவுன்சிலரைப் பார்த்திருக்காது.

அந்தக் காலி நாற்காலிக் காலத்தில் சத்தமில்லாமல் இன்னொன்று நடந்தது. நகரத் திட்டமிடல் சி.எம்.டி.ஏ.விடம் போனது. 1978-ல் தனிச் சட்டம் போட்டு மெட்ரோ வாட்டர் வாரியம் உருவானது. குடிநீரும் கழிவுநீரும் மாநகராட்சியின் கையை விட்டுப் போயின. இதற்கு நிர்வாகக் காரணங்கள் உண்டு. பெரிய குழாய்த் திட்டங்களுக்கு நிபுணர்கள் வேணும், கடன் வாங்குகிற திறன் வேணும், நகர எல்லையைத் தாண்டி யோசிக்கணும். அதையெல்லாம் மறுக்க முடியாது. ஆனால் சேவை இடம் மாறியபோது, அந்தச் சேவையைக் கேள்வி கேட்கும் குழு கூடவே போகவில்லை. "இது எங்க பொறுப்பு, ஏன் எடுக்கிறீங்க?" என்று கேட்க மன்றத்தில் அப்போது ஆளே இல்லை.

மறுபடியும் ஓர் இடைவெளி

74-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஜூன் 1-ல் அமலுக்கு வந்தது. உள்ளாட்சி மன்றத்தின் ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல் நடக்கணும், கலைத்தால் ஆறு மாதத்துக்குள் நடக்கணும் என்றது. மூன்று லட்சம் மக்களுக்கு மேல் உள்ள நகரங்களில் வார்டு குழு வேண்டும் என்றும் சொன்னது. 1996-ல் தேர்தல் வந்தது. மு.க. ஸ்டாலின் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மேயரானார். 2011-ல் திருவொற்றியூர், மணலி, அம்பத்தூர் எல்லாம் சேர்ந்து 200 வார்டு, 15 மண்டலம், 426 சதுர கிலோமீட்டர் என்று நகரம் விரிந்தது.

2016-ல் பழைய கதை திரும்பியது. அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தலைப் பழங்குடியினர் இடஒதுக்கீடு பிரச்சினையில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. மறுபடியும் தனி அதிகாரி. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-ல்.

அந்த ஐந்து வருஷத்துச் சொச்சத்தில் நகரம் எதையெல்லாம் பார்த்தது? 2016 டிசம்பரில் வர்தா புயல். 2019-ல் தண்ணீர்ப் பஞ்சம். 2020-ல் கொரோனா. முதல் அலையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, திரு.வி.க. நகர் மண்டலங்கள்தான் தினசரிப் பட்டியலில் மேலே இருந்தன. 2021 நவம்பரில் வெள்ளம். இதில் எதற்கும் மன்றக் கூட்டம் கிடையாது, நிலைக்குழு கிடையாது. அதிகாரிகள் உழைக்கவில்லை என்று சொல்லவில்லை. அவர்கள் எடுத்த முடிவை எங்கள் தெரு சார்பில் பொது இடத்தில் கேட்டு, பதிலைப் பதிவு செய்ய ஆளில்லை என்கிறேன்.

1973-லிருந்து 2022 வரை 49 ஆண்டு. அதில் சுமார் 28 ஆண்டு மன்றம் இல்லை.

குறைதீர்ப்பு வேறு, ஆய்வு வேறு

ஒரு நியாயமான மறுப்பு வரும். "1913-க்குப் போன் போட்டா குப்பை எடுக்கிறாங்க. மெட்ரோ வாட்டர் மாசம் ஒருமுறை பகுதி அலுவலகத்தில் குறைதீர்ப்புக் கூட்டம் நடத்துது. அப்புறம் எதுக்குக் குழு?"

இரண்டும் தேவை. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. உங்கள் வீட்டு முன்னாடி அடைப்பை எடுத்துவிட்டால் உங்கள் புகார் முடிந்தது. அதே தெருவில் அதே மேன்ஹோல் வருஷத்துக்குப் பத்து முறை ஏன் பொங்குகிறது, குழாயின் அளவு போதுமா, அதை மாற்றப் பணம் ஒதுக்கினார்களா, ஒதுக்கிய பணம் எங்கே போனது? இது புகார் எண்ணில் அடங்காது. பத்துப் புகாரை வரிசையாக வைத்துப் பார்க்கிற ஆள் வேணும். அதுக்குப் பேர்தான் ஆய்வு.

இங்கிலாந்தில் 2000-ல் வந்த உள்ளாட்சிச் சட்டம் இதற்கென்றே தனிக் குழுக்களைக் கட்டாயமாக்கியது. சில கவுன்சிலர்கள் அமைச்சரவை மாதிரி நிர்வாகம் செய்வார்கள். மற்றவர்கள் அவர்களைக் கேள்வி கேட்பார்கள். பிறகு மருத்துவமனைகளையும் கேட்கும் அதிகாரம் வந்தது. அப்படியிருந்தும் ஸ்டாஃபோர்ட் நகர மருத்துவமனையில், 2005-லிருந்து 2009 வரை, நோயாளிகள் கொடுமையான அலட்சியத்துக்கு ஆளானார்கள். ராபர்ட் ஃபிரான்சிஸ் நடத்திய விசாரணையின் அறிக்கை 2013-ல் வந்தது. உள்ளூர் ஆய்வுக் குழுக்கள் அபாய அறிகுறிகளைக் கண்டுகொள்ளவில்லை என்று அது குறை சொன்னது. குழு இருந்தது, கூட்டமும் நடந்தது. மருத்துவமனை நிர்வாகம் சொன்னதைக் கேட்டுக்கொண்டார்களே தவிர, தோண்டிக் கேட்கவில்லை. வெளியே குரல் எழுப்பியது நோயாளிகளின் குடும்பங்கள்தான்.

அதனால குழு வைத்துவிட்டால் போதும் என்று நாமும் நினைத்துவிடக் கூடாது.

இப்போது கையில் இருப்பது

2022-க்குப் பிறகு என்ன இருக்கிறது? வடசென்னையிலிருந்து ஆர். பிரியா மேயரானார். சென்னையின் முதல் தலித் பெண் மேயர். வரிவிதிப்பும் நிதியும், பணிகள், நகரமைப்பு, சுகாதாரம், கல்வி, கணக்கு என்று நிலைக்குழுக்கள் அமைந்தன. மண்டலத்துக்கு ஒரு குழு. வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கமெல்லாம் தண்டையார்பேட்டை மண்டலம். அதற்குக் கீழே வார்டு குழுவும் ஏரியா சபையும். இதற்கான சட்டத் திருத்தம் 2010-லேயே வந்துவிட்டது, விதிகள் வந்தது 2022-ல். முதல் ஏரியா சபைகள் அந்த வருஷம் நவம்பர் 1-ல் நடந்தன.

குறை என்னவென்றால், மண்டலக் கூட்டத்துக்கு மெட்ரோ வாட்டர் அதிகாரியும் மின்வாரிய அதிகாரியும் வந்தாலும், அவர்களுடைய பட்ஜெட் அந்தக் கூட்டத்தில் ஓட்டுக்கு வருவதில்லை. அவர்கள் கணக்குச் சொல்ல வேண்டியது தங்கள் வாரியத்துக்கும் அரசுக்கும். கவுன்சிலர் கோபப்படலாம், அவ்வளவுதான். இன்னொன்று, மக்களவையின் பொதுக் கணக்குக் குழுவுக்கு 1967-லிருந்து எதிர்க்கட்சிக்காரர் ஒருவரையே தலைவராக்குவது மரபு. மாநகராட்சியில் கணக்கைப் பார்க்கிற நிலைக்குழுவுக்கு அப்படியொரு கட்டாயம் இல்லை.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குக் கொடுங்கையூர் சாட்சி. நகரத்துக் குப்பை பல பத்தாண்டுகளாகச் சுமார் 340 ஏக்கரில் மலையாகக் கிடக்கிறது. அங்கே குப்பை எரி உலை வேண்டாம் என்று 2025-ல் வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலி நின்றார்கள். உலை வேணுமா வேண்டாமா என்பதில் உங்களுக்கு எந்தக் கருத்தும் இருக்கலாம். புகை எவ்வளவு வரும், அளவெடுப்பது யார், குப்பையைத் தரம் பிரித்தால் உலை தேவைதானா? இந்தக் கேள்விகள் ஆவணத்தோடு ஒரு குழுவின் முன் வந்திருக்க வேண்டியவை. வெயிலில் கைகோத்து நின்றுதான் கேட்க வேண்டியிருந்தது.

ஏரியா சபைக்குப் போகிறவர்கள் மூன்று விஷயம் கேட்கலாம். ஒன்று, போன கூட்டத்தின் தீர்மானப் பதிவேடு. இரண்டு, அதில் எது முடிந்தது, எது முடியவில்லை, ஏன். மூன்று, நம் தெரு வடிகாலுக்கும் குழாய்க்கும் இந்த வருஷம் ஒதுக்கிய தொகை. பதில் கிடைக்கவில்லை என்றால் "பதில் கிடைக்கவில்லை" என்பதையே பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். 2005-லிருந்து தகவல் உரிமைச் சட்டமும் நம் கையில் இருக்கிறது.

2022-ல் அமைந்த மன்றத்தின் ஐந்தாண்டு 2027-ல் முடிகிறது. அடுத்த தேர்தல் நேரத்துக்கு நடக்குமா என்பது சட்டத்துக்கும் நீதிமன்றத்துக்கும் மட்டும் உரிய கவலையாக இருக்கக் கூடாது. இடைவெளி விழுந்தால் என்ன இழப்போம் என்பதை இந்த ஊர் இரண்டு தடவை பார்த்துவிட்டது.

உங்கள் வார்டில் ஏரியா சபை எப்படி நடக்கிறது என்று எழுதுங்கள். அடுத்த எபிசோட்டில் சந்திப்போம்.