பயம் யாருக்கு அதிகம், ஆணுக்கா பெண்ணுக்கா?

1/ கோவில்பட்டின்னா வெளியூர்க்காரங்களுக்குக் கடலை மிட்டாயும் தீப்பெட்டியும். இந்தக் கரிசக்காட்டுக்காரங்களுக்கு ஹாக்கியும்தான். 2022 ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கிய இந்திய அணியில் இந்த ஊர் மாரீஸ்வரன் சக்திவேல் இருந்தார். ஆனா பொண்ணுங்களை கிரவுண்டுக்கு அனுப்பலாமேன்னா, "பொம்பளப் புள்ளைக பயந்துரும் டாக்டர்"னு பதில் வரும். அந்தப் பதிலுக்கு ஒரு வரலாறு இருக்கு.

2/ 1928, ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்ஸ். பெண்களுக்கு முதல்முறையா 800 மீட்டர் ஓட்டம். ஜெர்மனியின் லினா ராட்கே உலக சாதனையோடு ஜெயித்தார். ஓடி முடிச்ச சிலர் தரையில் சாய்ந்து மூச்சு வாங்கினாங்க. 800 மீட்டர் ஓடினா ஆம்பளைக்கும் அதே கதிதான். ஆனா "பெண் உடம்பு தாங்காது"ன்னு பத்திரிகைகள் எழுதின. அன்றைய டாக்டர்கள் பலரும் அதையே சொன்னாங்க. அந்த ஓட்டம் திரும்ப வந்தது 1960-ல்தான்.

3/ ஒலிம்பிக்ஸில் ஆண்கள் ஹாக்கி வந்தது 1908. பெண்கள் ஹாக்கி வந்தது 1980, மாஸ்கோ. அங்கே தமிழ்நாட்டு வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் நம்ம ஆண்கள் தங்கம் வாங்கினாங்க. பெண்கள் நாலாவது இடம். அடுத்து நம்ம பெண்கள் அணி ஒலிம்பிக்ஸ் ஆட 2016 வரை ஆச்சு.

4/ போட்டிப் பதட்டத்தை அளக்க 1970-களில் அமெரிக்காவின் ரெய்னர் மார்ட்டென்ஸ் கேள்வித்தாள் தயாரித்தார். அதுக்குப் பிறகு வந்த பல ஆய்வுகளில் பெண்களே பதட்டம் அதிகம்னு பதில் எழுதினாங்க. "பாத்தீங்களா"ன்னு குதிக்காதீங்க. கேள்வித்தாள் பயத்தை மட்டும் அளக்கல. பயத்தை ஒத்துக்கிற மனசையும் சேர்த்து அளக்குது.

5/ வாயைப் பார்க்காம ஆட்டத்தைப் பார்த்தா? 2010-ன் நாலு கிராண்ட் ஸ்லாம் டென்னிஸ் போட்டிகளை ஆராய்ந்து 2017-ல் ஒரு ஆய்வு வந்தது. நெருக்கடியான கேம்களில் அதிகம் தடுமாறினது ஆண்கள்!

6/ அட்ரினலின் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். படபடப்பு, வியர்வை, வயித்தைக் கலக்கறது எல்லாம் அதன் வேலை. வேறுபடுறது, எதுக்காக ஆடுறோம், தோத்தா என்ன போகும் என்பது. இங்கே பையனுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை போகும். பொண்ணுக்கு ஆட்டமே போகும்.

7/ டோக்கியோவில் வந்தனா கட்டாரியா ஒரே மேட்ச்சில் மூணு கோல் போட்டார். ஒலிம்பிக்ஸில் அப்படிப் போட்ட முதல் இந்தியப் பெண். அதே போட்டியில் அரையிறுதி தோத்ததும், ஹரித்வார் பக்கம் அவர் வீட்டு வாசலில் பட்டாசு வெடிச்சு, சாதி சொல்லித் திட்டினாங்கன்னு குடும்பம் போலீஸில் புகார் கொடுத்தது. இந்தப் பாரத்தோட ஆடுறவங்களைப் பயந்தாங்கொள்ளின்னு சொல்ல முடியுமா?

8/ ஆசைப்பட்டு ஆடுற பிள்ளைக்குப் பதட்டம் காலுக்கு வேகம் கொடுக்கும். அவமானத்துக்குப் பயந்து ஆடுற பிள்ளைக்கு அதே பதட்டம் காலைக் கட்டும். மேட்ச் அன்னைக்குப் பையன் வயித்து வலின்னு சொன்னா, "பயமா இருக்காப்பா?"ன்னும் கேளுங்க. பொண்ணு பயமா இருக்குன்னு சொன்னா, வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடாதீங்க. ஸ்டிக்கைக் கையில் கொடுங்க.