டிரைவர் ஏற்றியதும் மவுஸ் நின்றுவிட்டதா? விசைப்பலகையே போதும்

புதிய டிரைவர் ஏற்றியதும் மவுஸ் அசையவில்லையா? வேறு மவுஸ் வாங்கக் கிள்ளானிலிருந்து லோ யாட் பிளாசாவுக்குக் கிளம்பும் முன், அதை இன்னொரு கணினியில் செருகிப் பாருங்கள். அங்கே வேலை செய்தால், பழுது மவுஸில் இல்லை.

மென்பொருளால் மவுஸ் முடங்குவது புதிதல்ல. 2025 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11 புதுப்பிப்பு ஒன்று, மீட்புத் திரையில் யூ.எஸ்.பி. மவுஸையும் விசைப்பலகையையும் முடக்கியது. மைக்ரோசாப்ட் ஒரு வாரத்திற்குள் அதைச் சரிசெய்தது.

விண்டோஸ் விசையுடன் எக்ஸ், பிறகு எம் அழுத்தினால் 'டிவைஸ் மேனேஜர்' திறக்கும். டேப் தட்டி, அம்பு விசைகளால் 'மைஸ்' எனத் தொடங்கும் வரிக்குச் சென்று, வலது அம்பால் விரித்து, மவுஸின் பெயரில் எண்டர் தட்டுங்கள். கண்ட்ரோலுடன் டேப் அழுத்தி 'டிரைவர்' பக்கத்தில் 'ரோல் பேக் டிரைவர்' கொடுத்தால் பழைய டிரைவர் திரும்பும். அந்தப் பொத்தான் மங்கலாக இருந்தால், 'அன்இன்ஸ்டால்' கொடுங்கள். டிரைவரையும் நீக்கவா என்று கேட்டால் அதையும் தேர்ந்தெடுங்கள். கணினியை மறுபடி தொடங்கினால், விண்டோஸ் தன்னிடமுள்ள பொது டிரைவரை ஏற்றிக்கொள்ளும்.