பருத்திக் காட்டின் பொன் விண்மீன்கள்
– உஸ்பெக் உழைப்பாளர் பெற்ற சோவியத் பதக்கங்கள் குறித்து –

'சோவியத் நாடு' இதழின் வழவழப்பான தாள்களைக் கிழித்துப் பள்ளிக் குறிப்பேடுகளுக்கு அட்டை போட்ட தலைமுறையின் கடைசி வரிசையில் வந்தவள் நான். கணக்குக் குறிப்பேட்டின் மேல் ஒரு பெண் நின்றிருந்தாள். பின்னால் பருத்திக் காடு, தலையில் பூத்தையல் குல்லாய், மேலாடையில் பதக்கங்கள். அவள் பெயர் மடிப்புக்குள் போய்விட்டது. உஸ்பெக் உழைப்பாளர் பெற்ற பதக்கங்களைச் சேகரித்து ஆராய்வோர் செய்யும் பணியும் ஏறத்தாழ அந்த மடிப்பைப் பிரித்துப் பார்ப்பதுதான்.

சோவியத் அரசு போர்வீரனுக்கு நிகராக உழைப்பாளியையும் சிறப்பிக்க விரும்பியது. 1928இல் உழைப்புச் செங்கொடி விருதும், 1930இல் லெனின் விருதும் ஏற்படுத்தப்பட்டன. 1938 டிசம்பர் 27 அன்று 'சோசலிச உழைப்பு வீரர்' என்னும் உயரிய பட்டமும், அதனுடன் இரண்டு உழைப்புப் பதக்கங்களும் தோன்றின. 1940 முதல் அப்பட்டத்தோடு அரிவாள் சுத்தியல் பொறித்த பொன் விண்மீனும் தரப்பட்டது. உஸ்பெகிஸ்தானில் இவற்றுள் பெரும்பங்கு பருத்திக்கே சென்றது. கூட்டுப்பண்ணைத் தலைவர் ஹம்ரோகுல் துர்சுன்குலோவ் 1948, 1951, 1957 என மும்முறை அப்பட்டம் பெற்றார். பருத்தி பறிக்கும் இயந்திரத்தை ஓட்டிய துர்சுனாய் ஆஹுனோவா 1959இலும் 1978இலும் இருமுறை பெற்றார்.

இவர்கள் புகழ்பெற்றவர்கள், இவர்களுக்கு ஆய்வாளர் தேவையில்லை. 1939இல் ஏறத்தாழ 1,60,000 உழவர் மண்வெட்டியோடு கூடி 45 நாளில் 270 கிலோமீட்டர் பெரிய பெர்கானாக் கால்வாயை வெட்டினார்களே, அத்தகையோர் பெற்ற பதக்கங்கள்தாம் ஆய்வுக்குரியவை. சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்தபின் வந்த வறுமையில் குடும்பங்கள் பல அவற்றை விற்றன. தாஷ்கந்தின் யாங்கிஆபாத் பழம்பொருள் சந்தையில் சமோவாருக்கும் திருகாணிக்கும் நடுவே அவை கிடந்தன. உயர் விருதுகளின் பின்புறம் வரிசை எண் இருக்கும், பெயர் இராது. பெயர் இருப்பது உடன் தரப்பட்ட சிறு கையேட்டில். வணிகர் கையில் பதக்கம் ஒரு பக்கமும் கையேடு ஒரு பக்கமுமாகப் பிரிந்தால், உழைத்தவர் எண்ணாகிவிடுகிறார். அந்த எண்ணைக் கொண்டு ஆவணக் காப்பகத்து விருது அட்டையைத் தேடிப்பிடித்தால் பிறந்த ஆண்டு, இனம், கல்வி, பணியிடம், ஆணை நாள் யாவும் மீண்டும் கிடைக்கும். எண் பொறிக்கப்படாத பதக்கங்களுக்கு இந்த வழியும் இல்லை. போர்க்கால உழைப்புக்கென 1945இல் ஏற்பட்ட பதக்கம் அத்தகையது.

பெயர் கிடைத்தபின் தொடங்குவது மொழி ஆய்வு. உஸ்பெக் மொழி 1920களின் இறுதிவரை அரபு எழுத்தில் எழுதப்பட்டது, பின்னர் இலத்தீன் எழுத்து, 1940இல் சிரில்லிக், 1993இல் மீண்டும் இலத்தீன் எழுத்துக்குச் சட்டம். விருதுக் கையேடோ உருசிய மொழியில். ஹம்ரோகுல் அதில் 'கம்ராகூல்' ஆகிறார். நம் ஊர்ப் பெயர்களின் ழகரம் ஆங்கிலக் கோப்புகளில் படும் பாட்டை அறிந்தவர்க்கு இது புதிதன்று. மேற்சொன்ன இருவர் பெயரிலும் வரும் 'துர்சுன்' என்பதற்கு 'நிலைத்திருக்கட்டும்' என்று பொருள். பிள்ளைகள் தங்காத வீட்டில் பிறந்த குழந்தைக்கு இடும் பெயர் அது. நாம் குப்பம்மாள் என்றும் பிச்சை என்றும் இட்டோமல்லவா, அதே அச்சம், அதே வேண்டுதல்.

இனி ஓர் ஐயம். இப்பதக்கங்களை எந்த அளவுக்கு நம்பலாம்? 1980களில் வெளிப்பட்ட பருத்தி ஊழல் விசாரணையில், விளையாத பருத்தி ஆண்டுதோறும் கணக்கில் விளைந்தது தெரியவந்தது. பலருடைய விருதுகள் பறிக்கப்பட்டன. 1960இல் உலகின் நான்காம் பெரிய ஏரியாக இருந்த ஆரல், பருத்திக்காக ஆறுகள் திருப்பப்பட்டதால் வறண்டது. பள்ளிப் பிள்ளைகளும் வகுப்பை விட்டுப் பருத்தி பறித்தனர். கட்டாய உழைப்பு உஸ்பெகிஸ்தான் தனிநாடான பின்னும் நீடித்தது. 2021 அறுவடையில்தான் அது அமைப்பளவில் ஒழிந்ததென உலகத் தொழிலாளர் அமைப்பு அறிவித்தது. ஆகவே பதக்கம் பொய்யென்று ஒதுக்குவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

இராசராசன் காலந்தொட்டு வரும் மெய்க்கீர்த்திகளை நாம் அப்படியா ஒதுக்கினோம்? அவற்றின் புகழுரையைத் தள்ளி, ஆட்சியாண்டைக் கொண்டோம். தஞ்சைப் பெரிய கோயிலில் மன்னன் புகழைக் கடந்து படிப்பவருக்குத்தான் தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரின் பெயரும், அவர்கள் குடியிருந்த தெருவும், ஆளுக்கொரு பங்காக நூறு கலம் நெல்லும் தெரியவருகின்றன. விருது ஆணையின் புகழுரை அரசினுடையது. அட்டையில் உள்ள பெயரும் பிறந்த ஆண்டும் உழைத்தவருடையவை. கணக்கில் மிகைபட எழுதியவர் ஒருவர். குனிந்து பறித்தவர் வேறொருவர். இருவரையும் ஒரே குப்பையில் கொட்டுவது வரலாறாகாது.

வறண்ட ஆரலின் தரையிலிருந்து எழும் உப்புத்தூசி இன்று அப்பருத்தி நிலங்களின்மேல் படிகிறது. அங்கே உப்பைக் கழுவி நீக்கிய பிறகே விதைக்க வேண்டியிருக்கிறது. பெரிய முதலியார்சாவடியிலிருந்து வடக்கே சென்றால் வரும் மரக்காணத்தில் உப்புத்தான் விளைச்சல். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் மரக்காணமே என்பர் அறிஞர் பலர். அந்நூலில் வள்ளல் நல்லியக்கோடனின் பெயர் நிற்கிறது. உமணரின் வண்டிகளோ பெயரின்றிக் கடந்து செல்கின்றன. இங்கு உப்பு வாரியவர்களுக்குப் பொன் விண்மீனும் இல்லை, வரிசை எண்ணும் இல்லை. எனினும் கூலிக் கணக்கு எழுதிய பழைய குறிப்பேடுகள் சில வீடுகளின் பரணில் இருக்கக்கூடும். நம் வட்டத்து அன்பர்கள் யார் கண்ணிலாவது பட்டால், பழைய தாள்காரனிடம் போடுமுன் ஒருமுறை எனக்குக் காட்ட வேண்டுகிறேன்.