பணிக்கொடை

ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் ஒன்றில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற அம்மா ஒருவர், “தொரை மனசு வச்சு கிராஜுவிட்டி கொடுத்தாரு” என்று நெகிழ்ந்தார். நெகிழ வைத்தது ‘கிராஜுவிட்டி’ என்ற சொல்தான் என்பேன். லத்தீனில் ‘மனத்துக்கு இனியது’ என்ற பொருளுள்ள வேர். ஆங்கிலத்தில் ஓட்டல் பணியாளருக்கு வைக்கும் டிப்ஸுக்கும் இதே பெயர். தமிழாக்கியவர்கள் ‘பணிக்கொடை’ என்றார்கள். கொடு என்பதில் பிறந்த கொடை, மனமுவந்து தருவது. முல்லைக்குத் தேர் ஈந்த பாரியின் செயலைக் ‘கொடைமடம்’ என்றோம். நன்கொடை, குருதிக்கொடை எல்லாமே தருபவர் விருப்பம். கிராஜுவிட்டி அப்படியல்ல. 1972ஆம் ஆண்டுச் சட்டமே தோட்டங்களைப் பெயர் சொல்லிச் சேர்த்தது: ஐந்தாண்டு தொடர்ந்து உழைத்தால், ஆண்டுக்கு 15 நாள் ஊதியம். 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, குறித்த கால ஒப்பந்தத் தொழிலாளர் ஐந்தாண்டு காத்திருக்கவும் வேண்டியதில்லை. ‘ஈட்டிய விடுப்பு’ என்று சொல்லத் தெரிந்த அலுவலகத் தமிழுக்கு இங்கே மட்டும் ஏன் வள்ளல் வேஷம்? ‘பணியுரிமைத்தொகை’ என்பதே என் தேர்வு. பெயர் எதுவானாலும், 30 நாளுக்குள் தராத முதலாளி வட்டியும் சேர்த்துத் தர வேண்டும்.