தனியார் விமானிகளின் பரிசுகளும் கருவி மேம்பாடும்

சம்பளத்துக்காக அல்லாமல் சொந்தப் பயணத்துக்காகவும் ஆசைக்காகவும் சிறு விமானம் ஓட்டுபவர் தனியார் விமானி. அமெரிக்காவில் இந்த உரிமம் பெறக் குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அரசு ஒப்புதல் பெற்ற சில பயிற்சிப் பள்ளிகளில் 35 மணி நேரம் போதும். பெரிய செலவெல்லாம் உரிமம் கைக்கு வந்த பிறகுதான் தொடங்கும். கிறிஸ்துமஸ் நெருங்கும்போது விமானி எதைக் கேட்கிறார், வீட்டார் எதை வாங்கித் தர முடியும் என்பதை அவரவர் பணப்பையைப் போலவே சட்டமும் தீர்மானிக்கிறது.

கையில் எடுத்துச் செல்லும் பொருளை யாரும் கடையில் வாங்கிப் பரிசாகக் கொடுத்துவிடலாம். ஓஹாயோவில் 1961இல் தொடங்கிய ஸ்போர்ட்டீஸ் போன்ற கடைகள் இந்த வியாபாரத்திலேயே வளர்ந்தவை. விமானத்தோடு சேர்த்துப் பொருத்தும் கருவியின் கதை வேறு. தொழிற்சாலையில் தயாரான ஒவ்வொரு விமானத்துக்கும் அதன் வடிவமைப்பை உறுதிசெய்யும் அரசுச் சான்றிதழ் உண்டு. அதில் இல்லாத பெரிய கருவி ஒன்றைப் பொருத்த எஸ்டிசி எனப்படும் துணைச் சான்றிதழ் வேண்டும். உரிமம் பெற்ற மெக்கானிக் பொருத்தி, அதற்கான அதிகாரம் உடையவர் கையெழுத்திட வேண்டும். உரிமையாளர் தம் கையாலேயே செய்துகொள்ளக்கூடிய வேலைகளை எஃப்ஏஏ எனப்படும் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம் பட்டியலிட்டிருக்கிறது: எண்ணெய் மாற்றுவது, டயர் மாற்றுவது, ஸ்பார்க் பிளக் சுத்தம் செய்வது, இறங்குவிளக்கின் பல்பை மாற்றுவது என்ற அளவில் அது நிற்கிறது. வீட்டுக் கொட்டகையில் தாமே விமானம் கட்டிக்கொள்பவர்களுக்கு இந்தக் கட்டு பெரிதும் தளர்வு. அதனால்தான் ஒரே கருவி அவர்களுக்கு ஒரு விலையிலும் செஸ்னா போன்ற தொழிற்சாலை விமானம் வைத்திருப்பவருக்கு அதைவிட அதிக விலையிலும் விற்கப்பட்டது.

பழைய விமானங்கள்

1978இல் அமெரிக்கத் தொழிற்சாலைகள் 17,811 சிறு விமானங்களை அனுப்பின. 1994இல் அந்த எண்ணிக்கை 928. பொருளாதார மந்தம், எரிபொருள் விலை, விபத்து வழக்குகளில் உற்பத்தியாளர் தலையில் விழுந்த இழப்பீடு என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. செஸ்னா நிறுவனம் 1986இல் தன் பிஸ்டன் விமானங்களின் உற்பத்தியையே நிறுத்தியது. விமானம் 18 ஆண்டுகளைக் கடந்துவிட்டால் தயாரிப்பாளர் மீது வழக்குப் போட முடியாது என்று 1994இல் சட்டம் வந்த பிறகே மீண்டும் தொடங்கியது. விளைவாக, இன்று வானில் திரியும் சிறு விமானங்களில் ஏராளமானவை 1960, 70களில் பிறந்தவை. உலோக உடல் நன்றாக இருக்கிறது, எஞ்சினைப் பிரித்துப் புதுப்பித்தாயிற்று, முன்பலகையில் மட்டும் அப்பா காலத்து முள் கருவிகள். மேம்பாட்டுச் சந்தை முழுவதும் இந்த இடைவெளியில்தான் பிழைக்கிறது.

ஹெட்செட்

பட்டியலில் முதலில் வருவது பெரும்பாலும் ஹெட்செட்தான். சிறு விமானத்தின் உள்ளே எஞ்சின் இரைச்சல் செவியைக் கெடுக்கும் அளவுக்கு உண்டு. மாசசூசெட்ஸின் டேவிட் கிளார்க் நிறுவனத்தின் பச்சை நிற ஹெட்செட் பல தலைமுறை விமானிகளின் அடையாளமாகவே இருந்தது; காதை இறுக்கி மூடியே அது சத்தத்தைத் தடுத்தது. எதிர் ஒலி எழுப்பிச் சத்தத்தை அடக்கும் யோசனை பொறியாளர் அமர் போஸுக்கு 1978இல் சூரிச்சிலிருந்து திரும்பும் பயணத்தில் தோன்றியது. எங்கும் இறங்காமலும் எரிபொருள் நிரப்பாமலும் 1986இல் உலகைச் சுற்றிய வாயேஜர் விமானத்தில் அதன் முன்மாதிரி பயன்பட்டது. 1989இல் விற்பனைக்கு வந்தது. இன்றைய உயர்தர ரகங்கள் ஆயிரம் டாலருக்கு மேல் போகின்றன. விலை அதிகம்தான், ஆனால் பல ஆண்டுகளுக்குப் பிறகும் விமானியின் காது கேட்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள பரிசு குறைவு.

டேப்லெட்டும் ஏடிஎஸ்-பியும்

2010இல் ஐபேட் வந்ததும் காகித வரைபடங்களின் காலம் ஆட்டம் கண்டது. ஃபோர்ஃப்ளைட் போன்ற செயலிகள் வரைபடம், வானிலை, பயணத் திட்டம் மூன்றையும் ஒரே திரையில் கொண்டுவந்தன. ஐபேட் 35 டிகிரி செல்சியஸ் வரைதான் இயங்க வேண்டியது. கண்ணாடிக் கூரையின் கீழ் வெயில் நேராக அடிக்கும்போது அது சூடேறித் தானாக அணைந்துவிடும். மின்விசிறி வைத்த தாங்கிகள் விற்பது இதனால்தான். பழக்கப்பட்டவர்கள் மாற்று ஏற்பாடாக இன்னொரு டேப்லெட்டையோ காகித வரைபடத்தையோ பையில் வைத்திருப்பார்கள்.

டேப்லெட்டுக்கு உயிர் கொடுத்தது ஏடிஎஸ்-பி. விமானம் தன் இடத்தையும் உயரத்தையும் தானே அறிவித்துக்கொண்டே பறக்கும் முறை இது. 2020 ஜனவரி 1 முதல், பெரிய விமான நிலையங்களைச் சுற்றியும் பொதுவாக 10,000 அடிக்கு மேலும் பறக்க இந்த ஒலிபரப்பி கட்டாயமானது. தயங்கியவர்களை இழுக்க அரசு 500 டாலர் தள்ளுபடியும் கொடுத்துப் பார்த்தது. இறக்கை நுனி விளக்கைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் பொருத்தும் ஒலிபரப்பிகூட வந்துவிட்டது.

ஒலிபரப்பிதான் கட்டாயம், தரை நிலையங்கள் திருப்பி அனுப்பும் தகவலைப் பெறும் சிறு பெட்டி விருப்பம். சென்ட்ரி, ஸ்ட்ரேட்டஸ் போன்ற இப்பெட்டிகள் பரிசுக்கென்றே செய்தவை போல இருக்கும்: உள்ளங்கை அளவு, ஜன்னலில் ஒட்டினால் போதும், மாதச் சந்தா இல்லாமல் வானிலை கிடைக்கும். மலிவான ராஸ்பெரி பை கணினியில் தாமே செய்துகொள்பவர்களும் உண்டு.

வாங்குபவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிப்பதில்லை. தரை நிலையம் அருகிலுள்ள விமானங்களின் முழுப் படத்தையும், தன் இடத்தை அறிவிக்கும் விமானத்துக்காகவே தயாரித்து அனுப்புகிறது: அதைச் சுற்றி 15 கடல் மைல், மேலும் கீழும் 3,500 அடி. ஒலிபரப்பி இல்லாத விமானத்தில் இந்தப் பெட்டியை வைத்தால் திரையில் சில விமானங்கள் தெரியும், சில தெரியாது. பாதிப் படம் முழுப் படமாக மயக்கும். இரண்டாவது, மழைமேகப் படம் பழையது. திரையில் எழுதியிருக்கும் நேரத்தைவிட அது மோசமான நிலையில் 15, 20 நிமிடம் பின்தங்கியிருக்கலாம் என்று 2012இல் அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் எச்சரித்தது. இடிமேகத்தைத் தூரத்திலிருந்து சுற்றிப் போக இந்தப் படம் உதவும். இரண்டு மேகங்களின் இடைவெளியில் நுழையப் பயன்படுத்துவது தற்கொலைக்குச் சமம்.

முன்பலகைத் திரைகள்

பழைய கருவிகள் உட்காரும் வட்ட ஓட்டை மூன்றேகால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. கார்மின் நிறுவனத்தின் ஜி5 அந்த ஓட்டைக்குள்ளேயே பொருந்தும் சிறு மின்னணுத் திரை. முதலில் வீட்டில் கட்டிய விமானங்களுக்கென வந்த இக்கருவி, 2016இல் பழைய செஸ்னா, பைப்பர் விமானங்களுக்கும் அனுமதி பெற்றது. அதே ஆண்டு சற்று முன்னதாக டைனான் நிறுவனத்தின் கருவிக்கு இதே வழியைத் திறந்தது விமானம் கட்டும் ஆர்வலர்களின் சங்கமான இஏஏ. விமானத்தின் சாய்வைக் காட்டும் பழைய கருவியான செயற்கை அடிவானம் எஞ்சினோடு சுழலும் வெற்றிடப் பம்பை நம்பியிருந்தது. பம்ப் முன்னறிவிப்பின்றி உடையும். அடிவானம் உடனே விழாமல் மெல்லச் சாயும். மேகத்துக்குள் இருப்பவர் அதை நம்பித் தாமும் சாய்வார். தனி மின்கலம் உள்ள திரை அந்த ஆபத்தை நீக்கியது. 2017இல் வந்த ஜிஎஃப்சி 500 ஆட்டோபைலட், பொத்தானை அழுத்தினால் விமானத்தை நேராக்கும் வசதியையும் சேர்த்தது.

இந்தப் பொத்தானின் மதிப்பு 1954ஆம் ஆண்டுச் சோதனை ஒன்றில் தெரியும். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டப் பயிலாத 20 பேரை இல்லினாய் பல்கலைக்கழகத்தார் வெளியே தெரியாத நிலையில் ஓட்டவைத்தனர். 20 பேரும் கட்டுப்பாட்டை இழந்தனர். அதுவரை தாங்கிய சராசரி நேரம் 178 வினாடி.

பெரிய திரை வந்தால் பாதுகாப்பும் தானாக வந்துவிடும் என்பது விற்பனையாளர் வாக்கு. 2010இல் பாதுகாப்பு வாரியம் வெளியிட்ட ஆய்வு அப்படிச் சொல்லவில்லை: மின்னணுத் திரை உள்ள சிறு விமானங்களில் மொத்த விபத்து வீதம் குறைவு, உயிர்ப்பலி விபத்து வீதமோ அதிகம். அவை நீண்ட தூரமும் மோசமான வானிலையிலும் பறந்தது ஒரு காரணம். புதிய கருவியில் போதிய பயிற்சி இல்லாததும் சுட்டப்பட்டது. ஆட்டோபைலட்டோடு முழுப் பலகையையும் மாற்றினால் செலவு விமானத்தின் விலையையே எட்டிவிடுவது உண்டு. உரிமையாளர்கள் ஆயிரம் டாலரை ஒரு ‘ஏஎம்யு’ என்று பெயரிட்டுப் பேசிக்கொள்வார்கள். “முப்பது ஏஎம்யு ஆச்சு” என்றால் வீட்டில் யாருக்கும் சட்டெனப் புரியாதல்லவா.

நச்சுவாயுக் கருவி

காற்றால் குளிரும் எஞ்சினில், புகைக்குழாயைச் சுற்றிய உறையில் சூடாகும் காற்றே குளிர்காலத்தில் விமானத்துக்குள் வருகிறது. குழாயில் விரிசல் விட்டால் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து வரும். நிறமும் மணமும் இல்லாத நஞ்சு. 1982 முதல் 2020 வரை இதனால் நேர்ந்த 31 விபத்துகளை அமெரிக்க வாரியம் கண்டறிந்தது. 42 பேர் இறந்தனர். அவற்றில் ஒரே ஒரு விமானத்தில்தான் கண்டறியும் கருவி இருந்தது. 2019 ஜனவரியில் ஆங்கிலக் கால்வாயில் விழுந்த விமானத்தில் பயணித்த கால்பந்து வீரர் எமிலியானோ சாலாவின் இரத்தத்திலும் இந்த வாயு மிகுந்திருந்தது. கருவியைக் கட்டாயமாக்கும்படி 2022இல் வாரியம் எஃப்ஏஏவுக்குப் பரிந்துரைத்தது. பிரிட்டனில், பயணிகளை ஏற்றும் பிஸ்டன் விமானங்கள் பலவற்றுக்கு 2025 முதல் அது கட்டாயம்.

நிறம் மாறும் புள்ளி ஒட்டிய அட்டை சில டாலர்தான். ஆனால் அது காலாவதியாகும். யாரும் திரும்பிப் பார்க்கவும் மாட்டார்கள். ஒலியெழுப்பும் மின்னணுக் கருவி ஹெட்செட்டைவிட எத்தனையோ மலிவு. எனினும் விருப்பப் பட்டியலில் இதை எழுதுபவர் குறைவு. திரை தரும் பெருமையை இது தராது.

சில்லறையும் மற்றவையும்

எரிபொருளில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் குவளை, தொடையில் கட்டும் எழுதுபலகை, தலைவிளக்கு, கைவானொலி ஆகியவை எப்போதும் விற்பவை. மலைப்பகுதியில் பறப்பவர்கள் 406 மெகாஹெர்ட்ஸ் மீட்புக் கருவியை விரும்புவார்கள், பழைய 121.5 அலைவரிசையைச் செயற்கைக்கோள்கள் கேட்பது 2009 பிப்ரவரியோடு நின்றுவிட்டது. அமெரிக்காவின் வடமாநிலங்களில் எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கும் சாதனம் டிசம்பரில் வரும் பரிசு. பனியில் உறைந்த எஞ்சினைக் கிளப்பினால் கெட்டியான எண்ணெய் உராயும் பாகங்களுக்குப் போய்ச் சேருமுன் தேய்மானம் தொடங்கிவிடும்.

பயிற்றுநரோடு பறக்கும் மணி நேரங்களுக்கான பரிசுச் சீட்டையும் பல பயிற்சிப் பள்ளிகள் விற்கின்றன. அமெரிக்க விமானி 24 மாதங்களுக்கு ஒருமுறை, குறைந்தது ஒரு மணி நேரம் பாடமும் ஒரு மணி நேரம் பறப்புமாகப் பயிற்றுநரிடம் மறுபரிசீலனைக்கு உட்பட வேண்டும். பயணிகளை ஏற்ற வேண்டுமானால் கடந்த 90 நாட்களில் மூன்று முறை ஏறி இறங்கியிருக்க வேண்டும். சீட்டை இவற்றுக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம். எஸ்டிசியும் மெக்கானிக் கையெழுத்தும் இதற்குத் தேவையில்லை.