திறந்துட்டாய்ங்களா, திறக்கப் போறாய்ங்களா?

என் அய்யாவுக்கு எழுத்துத் தெரியாது. கம்பத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் குத்தகை வயல் வைத்திருந்தார். வைகாசி பிறந்துவிட்டால் என்னை டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்துத் தந்தி பேப்பரை வாசிக்கச் சொல்வார். 1960-களின் நடுப்பகுதி, எனக்குப் பத்து, பதினொரு வயது.

பெரியாறு அணைத் தண்ணீர் பற்றிய செய்தி என்றால் கேள்வி தொடங்கிவிடும். "திறந்துட்டாய்ங்களா, திறக்கப் போறாய்ங்களாடா?" "என்னைக்குன்னு போட்டிருக்கா?" "அதைச் சொன்னது யாரு?" மூன்றுக்கும் பதில் கிடைத்தால்தான் நாற்றுப் பாவுவார். ஒருமுறை 'திறக்க ஏற்பாடு' என்றிருந்ததைத் 'திறந்தாச்சு' என்று வாசித்துவிட்டேன். தண்ணீர் வந்து சேர்வதற்குள் நாற்று முற்றிப்போனது. அய்யா அடிக்கவில்லை. "இன்னொருக்கா வாசி" என்றார். இன்றைய அரசுக் கணக்கில் கம்பம் பள்ளத்தாக்கின் இருபோகப் பாசனம் 14,707 ஏக்கர். அத்தனை நிலமும் ஒரு வினைமுற்றை நம்பிக் காத்திருந்த காலம் அது.

1942-இல் மதுரையில் ஆதித்தனார் தொடங்கிய பத்திரிகை தந்தி. எழுத்துக்கூட்டிப் படிப்பவனுக்கும் எட்டுகிற தமிழ் அதில் இருந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் வாசிப்புப் பயிற்சி நடந்த இடம் டீக்கடைதான்.

1956-இல் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி வந்தபோது கல்லூரிப் படிப்பு பஸ் போகும் தூரத்துக்கு வந்தது. ஆனாலும் எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் நேரே பட்ட வகுப்புக்குப் போய்விட முடியாது. நடுவில் ஓராண்டு பி.யூ.சி. அதுவரை தமிழில் படித்தவனுக்கு அங்கே எல்லாமே இங்கிலீஷ். பேர் என்னவாக இருந்தாலும் எங்களுக்கு அதுதான் நுழைவுத் தேர்வு. 1971-இல் நான் எழுதிய ஆங்கிலத் தாளில் ஒரு பத்தி கொடுத்துக் கீழே கேள்வி கேட்டிருந்தார்கள். கேள்வியில் கண்ட சொல் பத்தியில் எங்கே இருக்கிறதோ அந்த வரியை அப்படியே பார்த்து எழுதினேன், தோற்றேன். மறுமுறை எழுதும்போது அய்யாவின் கேள்விகளைப் பத்தியிடம் கேட்டேன். நடந்ததா, நடக்கப்போகிறதா? எப்போது? சொல்வது யார்? தேறிவிட்டேன்.

பிறகு நானே ஆங்கில வாத்தியார் ஆனேன். 1978-இல் பிளஸ் டூ வந்தது, பி.யூ.சி. போனது. 1984-இல் பொறியியல், மருத்துவத்துக்கு நுழைவுத் தேர்வு வந்தது. பிளஸ் டூ மதிப்பெண்ணை 200-க்கும் நுழைவுத் தேர்வை 100-க்கும் சுருக்கி, 300-க்குக் கட் ஆஃப் பார்த்தார்கள். அதில் மொழிப்பாடம் கிடையாது. "பத்திக் கேள்விக்கு எதுக்கு சார் இவ்வளவு நேரம்?" என்று பையன்கள் கேட்க ஆரம்பித்தார்கள். அதே பையன்கள் 'பொருந்தாதது எது' என்ற கேள்விக்குப் பொருந்துவதைக் குறித்துவிட்டு வந்து நின்றார்கள். அவர்களுக்கு இயற்பியல் தெரிந்திருந்தது; கேள்வியை முழுசாக வாசிக்கத்தான் தெரியவில்லை.

அந்தத் தேர்வை 2006-ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. 2017-இல் மருத்துவத்துக்கு நீட் வந்தது: 180 நிமிடம், 180 கேள்வி. 2022-இல் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குப் பொது நுழைவுத் தேர்வு வந்தது. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேரவும் அதுதான் வழி. அதன் மொழித் தாளில் பத்தியைப் படித்து விடையளிப்பதே முக்கியப் பகுதி. 13 மொழிகளில் தமிழும் உண்டு. டீக்கடை பெஞ்சில் அய்யா வைத்த பரீட்சை சுற்றிச் சுற்றி இப்போது கல்லூரி வாசலுக்கு வந்திருக்கிறது.

மதிப்பெண் கூட என்ன வழி என்று பெற்றோர் என்னிடம் கேட்கிறார்கள். கைடு வாங்கும் காசில் வீட்டுக்குப் பேப்பர் போடுங்கள். பிள்ளையைச் சத்தமாக ஒரு செய்தி வாசிக்கச் சொல்லி, பேப்பரை மூடிவைத்துவிட்டுக் கேளுங்கள்: திறந்துட்டாய்ங்களா, திறக்கப் போறாய்ங்களா? பதில் தப்பாக வந்தால் திட்ட வேண்டாம். இன்னொருக்கா வாசிக்கச் சொல்லுங்கள்.