ஆயக்கட்டு இல்லாத ஏரி

தமிழ்நாட்டில் ஓர் ஏரியின் வரலாற்றை எழுத உட்கார்ந்தால், வெட்டியவர் யார் என்பதற்கு முன்பே ஆயக்கட்டு எவ்வளவு என்ற கேள்வி வந்து நிற்கும். கரை, மதகு, கலங்கல், கீழே வயல் என்றுதான் ஏரியை நாம் அறிவோம். கோடைக்கானல் ஏரி இந்தக் கணக்கில் சேராது. 1863இல் மதுரை மாவட்டக் கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் ஓர் ஓடையை மறித்து அதை உண்டாக்கியபோது, எந்த வயலும் அவர் மனத்தில் இல்லை. படகு விடவும் கரையோரம் உலாவவும் எழுந்த ஏரி அது. இருந்தும் ஒரு நகரமே அதைச் சுற்றி வளர்ந்தது.

ஊர் ஏரிக்குப் பதினெட்டு ஆண்டு மூத்தது. அதற்கு வித்திட்டது சமவெளியின் காய்ச்சல். யாழ்ப்பாணத்தில் ஏற்கெனவே வேரூன்றியிருந்த அமெரிக்க மிஷன், 1834இல் மதுரையில் தன் கிளையைத் தொடங்கியது. மதுரையின் வெயிலும் காலராவும் வந்தவர்களை வாட்டின. சில குடும்பங்கள் சாவுகளையும் கண்டன. முதலில் சிறுமலையில் ஒதுங்கிப் பார்த்தார்கள். நாலாயிரம் அடி உயரத்திலும் மலேரியா விடவில்லை. அதன் பிறகே ஏழாயிரம் அடி உயரப் பழனி மலைமேல் கண் போயிற்று. 1845 அக்டோபரில் 'சன்னிசைடு', 'ஷெல்டன்' என்ற இரண்டு பங்களாக்கள் எழுந்தன. 1853இல்கூட ஆறேழு வீடுகளுக்கு மேல் இல்லை.

இந்த மிஷனரிகளை 'நிறுவியவர்கள்' என்று சிறப்பு மலர்களில் எழுதும்போது ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. அவர்கள் நிறுவியது பங்களாக் குடியிருப்பைத்தான். பளியரும் புலையரும் அதற்கு முன்பே அந்த மலையில் இருந்தார்கள். தாராபுரம், காங்கேயம் பக்கமிருந்து சில நூற்றாண்டுகளுக்கு முன் மலையேறியதாகச் சொல்லப்படும் குன்னுவரும் இருந்தார்கள். 1821இல் பழனி மலையை அளக்க வந்த லெப்டினன்ட் வார்டு தங்கியதே வெள்ளகவி என்ற குன்னுவர் ஊரில்தான். பூம்பாறையிலும் வில்பட்டியிலும் மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டிப் பயிர் செய்த கைகளுக்குக் கோடைக்கானலின் குளிர் புதிதல்ல.

மேலே போகும் வழியும் எளிதாக இல்லை. பெரியகுளத்தை அடுத்த கிருஷ்ணமநாயக்கன் தோப்பிலிருந்து செங்குத்தாக ஒரு பாதை ஏறும். கூலிகள் சுமை தூக்கிச் சென்றதால் அதற்குக் கூலி காட் ரோடு என்றே பெயர். வசதியுள்ளவர்கள் டோலியிலோ குதிரையிலோ போனார்கள், மற்றவர்களுக்கு நடைதான். 1875இல் ரயில் அம்மையநாயக்கனூருக்கு வந்த பிறகும் மலையடிவாரம் வரை மாட்டுவண்டி, அதற்கு மேல் மனிதத் தோள். லெவிஞ்ச் ஏரிக்கு முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தார் என்பது வரலாறு. வண்டிப் பாதை இல்லாத காலம்; அந்தப் படகும் தோள்களின்மீதே ஏறியிருக்க வேண்டும். கடலோரத்துப் படகு ஒன்று ஏழாயிரம் அடி மலையேறியதை வழிப்போக்கர்கள் என்னவென்று பேசிக்கொண்டார்களோ!

ஏரியின் வடிவத்தை நட்சத்திரம் என்று வழிகாட்டிப் புத்தகங்கள் வியக்கும். வியப்புக்கு அதில் அதிகம் இல்லை. ஓடை புல்வெளிப் பள்ளத்தாக்கில் ஓடியது. பக்கத்துக் குன்றுகளிலிருந்து சிறு பள்ளங்கள் அதில் வந்து கலந்தன. கீழே ஒரே இடத்தில் கரையைப் போட்டதும் தண்ணீர் பின்வாங்கி ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் கை நீட்டிக்கொண்டது. அந்தக் கைகளையெல்லாம் தொட்டு வளைந்து போவதால்தான், சிறிய ஏரிக்கு ஐந்து கிலோமீட்டர் அளவில் ஒரு சுற்றுச் சாலை கிடைத்தது. நிரம்பி வழியும் நீர் மலைச்சாலை ஓரத்தில் வெள்ளி நீர்வீழ்ச்சியாக விழுகிறது.

லெவிஞ்சிடம் எனக்கு மதிப்புத் தோன்றுவது ஏரியால் மட்டுமல்ல. பணி முடிந்ததும் கப்பலேறிய கலெக்டர்கள் எத்தனையோ பேர். இவர் 1867இல் ஓய்வுபெற்று அங்கேயே தங்கினார். 1885இல் இறக்கும்வரை அந்த ஊர்க்காரராகவே இருந்தார். சீமைப் பழமரங்களையும் காய்கறிகளையும் மலையில் பயிராக்கியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆயக்கட்டுதாரர்கள் இல்லாத ஏரிக்கு யார் சொந்தம் கொண்டாடுவது? 1890இல் உருவான படகுக் குழாம் அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. நீருக்கு உரிமை நிலத்தால் வராமல் உறுப்பினர் சந்தாவால் வந்தது. பொதுமக்களும் சுற்றுலாப் பயணிகளும் தற்காலிக உறுப்பினராகப் படகேற 1932 வரை காத்திருக்க நேர்ந்தது. இதற்கிடையே 1901இல் மிஷனரிப் பிள்ளைகளுக்கான பள்ளி ஏரிக்கரையில் தொடங்கியது. 1916 வாக்கில் மோட்டார் வண்டிகள் ஏறத் தொடங்கியதும் கூலிப் பாதையில் புல் முளைத்தது. 1936இல் குறிஞ்சி ஆண்டவர் கோயிலைக் கட்டியவர், இலங்கைத் தலைவர் பொன்னம்பலம் இராமநாதனின் துணைவியார் லீலாவதி. மிஷன் வந்த அதே யாழ்ப்பாணத் தொடர்பு, நூறாண்டு கழித்து முருகன் கோயிலாக மலையேறியது.

சமவெளி ஏரியில் வண்டல் சேர்ந்தால் கோடையில் விவசாயி வண்டி கட்டிக்கொண்டு வந்து அள்ளிப் போவான். அவன் வயலுக்கு அது எரு, ஏரிக்கு அது தூர்வாரல். கோடைக்கானலில் வண்டலைக் கேட்டு வர வயற்காரர் இல்லை. சுற்றிலும் விடுதிகள் பெருகிக் கழிவுநீரும் கலக்க, நீர்க்களையும் சேறும் ஏறிக்கொண்டே போகின்றன. அள்ளும் பொறுப்பு நகராட்சியின் தலையில்.